பள்ளிக்கூடம் கட்டிய ஊரில் வீட்டுப்பள்ளி

நான் வீட்டுப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் எங்கள் கிறிஸ்தவ சபையில் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்?" என்பதுதான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பெயர் இல்லாத பிள்ளைகள் என்று சொன்னால் முகம் மாறும். "ஏன், பிள்ளைகளுக்கு ஏதும் சுகமில்லையா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். சுகத்துக்கு ஒரு குறைவும் இல்லை, பெற்றோரே வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறார்கள் என்றால் உடனே வரும் அடுத்த கேள்வி: "பாளையங்கோட்டையில பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்?"

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் சபையின் கதையையும் பள்ளிக்கூடத்தின் கதையையும் தனித்தனியாக எழுத முடியாது. 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போன உபதேசியார்களுக்கு இரண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் பாடம். பனையோலை வேய்ந்த ஒரே கொட்டகைதான் கோயிலும் பள்ளியும். பிறகு சாயர்புரத்தில் போப் ஐயர் நடத்திய செமினரி, இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா நடத்திய பெண்கள் விடுதிப்பள்ளி, நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் வளர்த்த தொழிற்பள்ளி, 1895இல் சாராள் தக்கர் கல்லூரி, 1897இல் காது கேளாத பிள்ளைகளுக்காக பிளாரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய பள்ளி. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வது சும்மா வந்த பேச்சு இல்லை. என் அம்மாவைப் பெற்ற ஆச்சி சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படியொரு கொட்டகையில்தான் எழுத்து படித்தார். அவருக்கு முன் எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத பெண் கிடையாது.

நானும் இதே ஊரில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுப்பள்ளி என்ற பேச்சு முதலில் காதில் விழுந்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. இப்போதும் முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன். எதற்காக நடத்துகிறேன், எதில் அந்தப் பெற்றோரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்பதையெல்லாம் எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

இந்த வழக்கம் நமக்கு வந்தது அமெரிக்காவிலிருந்து. அங்கே அரசுப் பள்ளிகள் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் தாங்களே முன்னின்று நடத்தக் கூடாது என்று 1962, 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விசுவாசமுள்ள பெற்றோர் பலருக்குப் பள்ளிக்கூடத்தின்மேல் மனம் விட்டுப்போக அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளை எடுத்து வீட்டில் படிக்கவைத்தார்கள், வழக்குகளைச் சந்தித்தார்கள். 1983இல் அவர்களுக்காகச் சட்ட உதவிச் சங்கம் ஒன்று தொடங்கியது. 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அது சட்டப்படி சரி என்று ஆகிவிட்டது. அந்தக் கதையை அவர்கள் சொல்லும்போது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காரணத்தை அப்படியே இறக்கிப் பாளையங்கோட்டையில் வைத்தால் பொருந்தாது. இங்கே பாதிப் பள்ளிகளில் காலை மணி அடித்ததும் ஜெபம்தான். நான் வேலை பார்த்த பள்ளியில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் கீர்த்தனையை ராகத்தோடு பாடுவார்கள். "பள்ளிக்கூடம் பிள்ளையின் விசுவாசத்தைக் கெடுத்துவிடும்" என்று எங்கள் ஊர்த் தகப்பன் ஒருவர் சொன்னால், எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்காமல் விடுவதில்லை. பெரும்பாலும் பதில் வராது. எங்கோ வலைத்தளத்தில் பார்த்த காணொளியிலிருந்து எடுத்த வாக்கியமாக இருக்கும்.

நம் ஊர்க் குடும்பங்களின் உண்மையான காரணங்கள் வேறு. மெல்லப் பேச்சுக் கொடுத்தால்தான் வெளியே வரும். ஒரு தம்பதி ஒடிசாவில் மிஷனரியாக இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அவர்களுடைய பெண் எட்டாம் வகுப்பு வயதில் வந்தாள். ஒடியா, இந்தி, ஆங்கிலம் மூன்றும் சரளம், தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டத் தெரியாது. எந்த வகுப்பில் சேர்ப்பது? இன்னொரு பையனுக்கு வாசிக்கும்போது எழுத்துகள் இடம் மாறும். அவன் படித்த பள்ளியில் அவனைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து வருடங்களை ஓட்டிவிட்டார்கள். வாயால் கேட்டால் அவனுக்குத் தெரியாத விடை இல்லை. வேறொரு பெண் காலை ஐந்து மணிக்கு ஒரு டியூஷன், பள்ளி, பிறகு இரவு ஒன்பது வரை இன்னொரு டியூஷன் என்று ஓடி, பத்தாம் வகுப்புக்குப் போகும் முன்னரே படுத்துவிட்டாள்.

அப்புறம் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டியவர்களில் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள் இருந்தார்கள். அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யவேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்தக் கயிறுகளை நான் என் கண்ணால் பார்த்தவள். எந்தக் கைக்கு எந்த நிறம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்குநேரிச் செய்திக்குப் பிறகு தன் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திய தாய் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "இது விசுவாசத்துக்காக இல்ல டீச்சர், பயத்துக்காக" என்று நேராகவே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. வீட்டுப்பள்ளி என்ற ஒன்றை அது அனுமதிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. 14 தாண்டினால் அந்தச் சட்டத்துக்கு அவர்கள்மேல் பேச்சே இல்லை. அதன் பிறகு ஒரே கவலைதான்: சான்றிதழ்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நம் மாநிலத்திலேயே தனித்தேர்வர். பன்னிரண்டரை வயது ஆனால் எட்டாம் வகுப்புத் தேர்வு, பதினாலரை ஆனால் பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைக்கு மட்டும் அவர்கள் குறிப்பிடும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்கவேண்டும். இன்னொன்று மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். 14 வயது ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழி கட்டாயம். பாடத்துக்கு 33 எடுத்தால் தேர்ச்சி. வருடத்துக்கு இரண்டு பருவத் தேர்வு, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு பாடத்தை இந்தப் பருவம், இன்னொன்றை அடுத்த பருவம் என்று பிரித்தும் எழுதலாம். எழுத்துகள் இடம் மாறும் அந்தப் பையனுக்கு இந்த ஏற்பாடு பெரிய நிம்மதி. இரண்டு பாடம் முடித்துவிட்டான், மற்றவை இருக்கின்றன, யாரும் அவனைத் துரத்தவில்லை.

சரி, வீட்டில் படிப்பது என்று ஆனபின் எங்கள் வகுப்பு எதற்கு? பத்து வயது வரை பெரும்பாலும் தேவையில்லை. தாய்மார் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், சில விஷயங்களில் பள்ளியைவிட நன்றாக. பதின்மூன்றில் நிலைமை மாறுகிறது. பாடம் கடினமாகிறது என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அம்மா. காலையில் பாத்திரம் கழுவச் சொன்னவரும், முடியை ஒழுங்காகச் சீவச் சொன்னவரும், "இந்தச் சமன்பாடு தப்பு" என்று சொன்னவரும் ஒரே ஆள் என்றால் மூன்றுக்கும் ஒரே முகச்சுளிப்புதான் கிடைக்கும். ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "டீச்சர், தப்புன்னு சொன்னா கதவ அடைச்சிட்டுப் போயிருதா. நீங்க சொன்னா அழிச்சிட்டுத் திரும்பப் போடுதா." வீட்டாள் இல்லாத ஒருவர் அந்தப் பிள்ளையின் விடையைப் பார்த்துத் தலையாட்டவோ உதட்டைப் பிதுக்கவோ வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு அது வேண்டியிருக்கிறது. அமெரிக்கர்களும் இதைக் கண்டுகொண்டுதான் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஓரிரு நாள் மட்டும் கூடும் வகுப்புகளை வைத்திருக்கிறார்கள். பொறுப்பு பெற்றோருடையது, வேதியியலும் கட்டுரையும் இயற்கணிதமும் சொல்லிக்கொடுக்க வெளியே ஓர் ஆசிரியர். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது இந்த ஏற்பாடுதான் என்பது என் எண்ணம்.

எங்கள் வகுப்பு செவ்வாய், வியாழன். சமாதானபுரத்தில் ஒரு வீட்டு மாடி. பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை பத்துப் பன்னிரண்டு பேர். களக்காடு, வள்ளியூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகளும் உண்டு. கணக்கு எனக்கு. தமிழுக்கு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், எல்லோருக்கும் அவர் ஐயா. ஆங்கிலத்துக்கு ஓர் அக்கா. உயிரியலுக்கு மாதம் இருமுறை விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருகிறார். அவர் சபையின் சேகரக் கமிட்டியிலும் இருப்பவர். பரிணாமப் பாடத்தை அவரிடம் விட்டதால் எனக்கு வந்திருக்கவேண்டிய சண்டைகளெல்லாம் அவருக்குப் போயின. அவர் பாடத்தைப் பாடமாக நடத்தினார். விஞ்ஞானிகள் எதை வைத்து இப்படிச் சொல்கிறார்கள் என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்துகொள், அதன் பிறகு ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உன் பாடு என்றார். இரண்டு தகப்பன்மார் வந்து அவரோடு நெடுநேரம் பேசினார்கள். திரும்பிப் போகும்போது சிரித்த முகமாகப் போகவில்லை, ஆனால் பிள்ளைகளை நிறுத்தவும் இல்லை.

வந்து சேரும் பிள்ளைகள் பலரின் பையில் அமெரிக்கப் பயிற்சிப் புத்தகங்கள் இருக்கும். 1970இல் டெக்சாஸில் தொடங்கிய ஒரு முறை உண்டு. பிள்ளை சுவரைப் பார்த்துத் தடுப்புக்குள் உட்கார்ந்து, மெல்லிய பயிற்சிப் புத்தகங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகவேண்டும். சந்தேகம் வந்தால் மேசையில் சின்னக் கொடியை நிறுத்தினால் மேற்பார்வையாளர் வருவார். விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். அதை முழுக்க மட்டம் தட்டமாட்டேன். தன் வேகத்தில் போகும் பழக்கமும், நேரத்தைத் தானே பங்கிடும் பழக்கமும் அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வாய் திறந்து பேசுவதில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் நிரப்புவார்கள். ஏன் என்றால் புத்தகத்தைப் பார்ப்பார்கள். கால் டாலருக்கு எத்தனை நிக்கல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பையனுக்கு நெல்லளக்கும் கோட்டையும் மரக்காலும் கேள்விப்படாத பெயர்கள். (பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் தெரியாது, அது வேறு கதை.) அமெரிக்காவில் குடியேற மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவான். இடையன்குடி எங்கே இருக்கிறது என்றால் தெரியாது. அவன் அம்மா பிறந்த ஊரிலிருந்து அது பத்து மைல்கூட இருக்காது.

இந்த வாயடைப்பை உடைக்க நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய இங்கிலாந்து வழக்கம். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேய ஆசிரியை, 1923இல் காலமானவர், வற்புறுத்திய முறை: ஒரு பகுதியை ஒரே ஒருமுறை வாசிப்பது, புத்தகத்தை மூடுவது, தன் சொல்லில் திருப்பிச் சொல்வது. கேள்வி, குறிப்பு எதுவும் கிடையாது. சிறு பிள்ளைகள் வாயால் சொல்வார்கள், பெரியவர்கள் எழுதவேண்டும். முதல் மாதம் பெரும் அவஸ்தை. "அதுல... ஒரு ராஜா... டீச்சர் மறந்துட்டு." மூன்றாம் மாதம் பார்த்தால் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஐயா இதில் கெட்டிக்காரர். இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளையின் செய்யுளை எடுத்து, கரையிருப்பில் பிறந்த வைணவர் கம்பனில் ஊறிய தமிழோடு சபைக்கு வந்த கதையையும் சேர்த்துச் சொல்லி, மறுவாரம் அவர்களைச் சொல்லவைப்பார். ஒடிசாவிலிருந்து வந்த பெண் இப்போது தமிழில் ஒரு பக்கம் எழுதுகிறாள். றகரமும் ரகரமும் அவளுக்கு ஒன்றுதான். ஐயாவுக்கு மட்டும் அதில் தூக்கம் வராது.

இடையன்குடிக்கும் கூட்டிப்போனோம். 1841இல் கால்டுவெல் சென்னையிலிருந்து நடந்தே இந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்ததையும், பல பத்தாண்டுகள் இழுத்து 1880இல் பிரதிஷ்டையான அந்த ஆலயத்தையும், எலைசா அம்மா பெண்களுக்கு லேஸ் பின்னும் வேலை பழக்கியதையும் பிள்ளைகள் நன்றாகவே கேட்டார்கள். ஐயா அதோடு நிறுத்தவில்லை. இதே கால்டுவெல் 1849இல் இந்தப் பக்கத்து நாடார்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அந்த மக்களை எவ்வளவு புண்படுத்தியது, பின்னாளில் எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்பதையும் ஆலயத் திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பையன்கள் கோபமாக இருந்தார்கள். ஒரு பெண், "அப்பம் அவரு நல்லவரா, கெட்டவரா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் ஒரு தாயிடமிருந்து போன்: "அதெல்லாம் பிள்ளைகளுக்கு எதுக்கு டீச்சர்? நல்லத மட்டும் சொல்லலாம்லா." பதினைந்து வயதில் நம்மிடம் கேட்காவிட்டால் இருபது வயதில் வேறு யாரிடமோ, பாதி வெறுப்போடு கேட்பார்கள் என்று சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது, போனை மட்டும் வைத்துவிட்டார்.

என் பங்குக்கு ஊசிக்கோபுரம். முக்கோணவியலை மாடியில் உட்கார்ந்து நடத்துவதில் எனக்கு எப்போதும் சலிப்பு. ஆளுக்கொரு கோணமானி, அதன் நடுவில் நூல், நூல் நுனியில் சைக்கிள் கடையில் வாங்கிய நட்டு. இதுதான் கருவி. ரேனியஸ் 1826இல் கட்டிய கதீட்ரல் ஆலயத்துக்குப் போய், கோபுரத்திலிருந்து தூரத்தை நாடாவால் அளந்து, நுனியை நோக்கி, நூல் காட்டும் கோணத்தைக் குறித்து, டான் மதிப்பால் பெருக்கி, பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டவேண்டும். கண் உயரத்தைக் கூட்ட மறந்தவர்கள் பாதிப்பேர். மறக்காதவர்களுக்கும் விடை ஒன்றுபோல் வரவில்லை. இணைக்கு இணை சில மீட்டர் வித்தியாசம். பயிற்சிப் புத்தகத்திலேயே வளர்ந்த பையன் ஒருவன் தவித்துப்போனான். "டீச்சர், இதுல சரியான விடை எது?"

"கோபுரத்துக்குப் பின்பக்கம் எழுதியிருக்கான்னு போய்ப் பாத்துட்டு வால."

எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். ஆனால் அவன் கேள்வி நல்ல கேள்வி. அன்று மீதி நேரம் முழுக்க அதுதான் பாடம். 30 மீட்டர் தள்ளி நின்று 45 பாகை பார்த்தவர் ஒரே ஒரு பாகை தப்பாகப் படித்தால் உயரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தப்பும். இன்னும் கிட்டே போய் 60 பாகையில் பார்த்தால்? கோபுரம் அதேதான், தூரம் 17 மீட்டர் சொச்சம் ஆகிவிடும், ஒரு பாகைக்கு 1.2 மீட்டர் தப்பும். அப்படியானால் எங்கே நின்று பார்ப்பது நல்லது? கணக்குப் போட்டுப் போட்டு, 45 பாகைக்குப் பக்கத்தில்தான் தப்பு குறைவு என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். நுண்கணிதம் படித்தவர்கள் இதை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒரு மாலை ஆனது. என் முப்பது வருட வகுப்பறையில் இதற்கு நேரம் கிடைத்ததில்லை. நாற்பத்தைந்து நிமிடப் பீரியடும் அறுபது பிள்ளைகளுமாக இருந்துகொண்டு யாரைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போவது? வீட்டுப்பள்ளிக்காரர்களிடம் எனக்குப் பொறாமை உண்டென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான்.

வேதபாட வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, பெற்றோர் பலர் எங்களிடம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வேத அறிவில் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஞாயிறு பள்ளி, விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, கன்வென்ஷன் கூட்டங்கள், வீட்டில் குடும்ப ஜெபம் என்று எல்லாம் உண்டு. மனப்பாட வசனத்தில் என்னையே தோற்கடிப்பார்கள். குறைவு எங்கே என்றால், தாவீது கோலியாத்தை வென்றது வரை தெரியும், யாரும் பிரசங்கம் பண்ணாத அதிகாரங்கள் தெரியாது. அதனால் நியாயாதிபதிகள் புத்தகத்தைத் தொடர்ச்சியாக வாசிக்கவைத்தோம். பதினோராம் அதிகாரத்தில் யெப்தா என்ற படைத்தலைவன். யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பினால் தன் வீட்டு வாசலிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவதாகப் பொருத்தனை செய்கிறான். எதிரே வருவது அவனுடைய ஒரே மகள், தம்புரு அடித்து ஆடிக்கொண்டு. இரண்டு மாதம் தவணை கேட்டு மலைகளுக்குப் போய் அழுதுவிட்டு அவள் திரும்பி வருகிறாள்.

வாசித்து முடித்ததும், தகப்பன் ஆபிரகாம் பலியிடப் போனபோது ஆட்டுக்கடா கிடைத்ததால் தப்பிய ஈசாக்கை நினைத்து ஒரு பெண் கேட்டாள்: "ஈசாக்குக்கு ஆட்டுக்கடா கிடைச்சிச்சே டீச்சர், இவளுக்கு ஏன் கிடைக்கல?"

பொருத்தனை யோசிக்காமல் செய்யக் கூடாது என்று ஞாயிறு பள்ளிப் பதில் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. அது தகப்பனுக்கான பாடம், மகளுக்கான பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் பலியாகவில்லை, கன்னியாகவே ஆலயப் பணிக்கு விடப்பட்டாள் என்று சொல்லும் விளக்கக்காரர்களும் இருக்கிறார்கள். அதையும் சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை. அப்போது பேசியவன் மூலையில் இருந்த பக்கத்துத் தெருப் பையன். அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அவன் சபைப் பிள்ளை இல்லை. அப்பா டீக்கடை வைத்திருக்கிறார், குலதெய்வம் பாபநாசம் பக்கம் ஒரு சாஸ்தா. ஒன்பதாம் வகுப்பில் படிப்பை நிறுத்தியவன், மாடிப்படியில் உட்கார்ந்து கணக்கை ஒட்டுக்கேட்டவன். என்.ஐ.ஓ.எஸ்.இல் பதியலாம் என்று நான்தான் அவன் அப்பாவிடம் சொன்னேன். சேர்த்தபோது சண்டை வந்தது. "நம்ம பிள்ளைகளுக்குன்னு தொடங்கினதுல்லா" என்றார் ஒருவர். அந்தக் கூட்டத்தில் நான் கொஞ்சம் சூடாகவே பேசினேன். நம் பிள்ளைகள் என்றால் யார்? அந்த மாடியில் இருந்த குடும்பங்கள் ஒன்றிரண்டு தவிர எல்லாம் ஒரே சாதி. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள், சொந்தத்துக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள். கையில் கயிறு கட்டாமலேயே கயிறு கட்டிய வகுப்பாக ஆகியிருந்தது. நாங்குநேரிக்குப் பயந்து பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்து, இன்னொரு சாதிப் பிள்ளையைப் பார்க்காமலேயே பதினெட்டு வயதாக்கினால் எதற்குப் பயந்தோமோ அதைத்தான் வீட்டில் வளர்க்கிறோம். என் ஆச்சி படித்த கொட்டகையில் யார் பிள்ளை என்று கேட்டிருந்தால் அவர் உள்ளேயே போயிருக்க முடியாது. வீட்டில் படிக்கவைப்பதில் எனக்கு இருக்கும் பெரிய சந்தேகம் இதுதான். படிப்பு இந்த மண்ணில் ஊருக்குப் பொதுவாகத் திறந்த ஒன்று. அதை வீட்டுக்குள் கொண்டுபோகிறவர்கள் ஒரு கதவையாவது தெருப்பக்கம் திறந்து வைக்கவேண்டும். ஒரு குடும்பம் விலகிக்கொண்டது. மற்றவர்கள் இருந்தார்கள்.

வேதபாட நேரத்தில் அவன் வீட்டுக்குப் போகலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். அவன் போவதில்லை, கதை கேட்க உட்கார்ந்திருப்பான். அன்று அவன் சொன்னது: "எங்க ஊர்க் கோயில் கொடையில வில்லுப்பாட்டுல இதே மாதிரி வரும் டீச்சர். அநியாயமாச் செத்த பொண்ணத்தான் சாமியா நிப்பாட்டி வருசா வருசம் கும்பிடுவாங்க." நான் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசிக்கச் சொன்னேன். இஸ்ரவேலின் பெண்கள் வருஷந்தோறும் நாலு நாள் அவளுக்காகப் புலம்பப் போனார்கள் என்று அதில் இருக்கிறது. நாற்பது ஐம்பது தடவை அந்த வசனத்தைத் தாண்டிப் போயிருப்பேன். ஏன் புலம்பினார்கள், ஊரார் மனசு உறுத்தியதாலா, பெண்கள் மட்டும் ஏன் போனார்கள் என்று பிள்ளைகள் அன்று பேசிய பேச்சு எந்தக் கன்வென்ஷனிலும் நான் கேட்காதது. ஈசாக்கைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு அப்போதும் பதில் கிடைக்கவில்லை. ஐயா மட்டும், "இந்தக் கேள்விய விட்டுறாத, கையோட வச்சிரு" என்றார்.

எல்லாரையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறவள் இல்லை நான். பத்தாம் வகுப்பு முடித்த சிலரிடம், போய்ப் பிளஸ் ஒன் சேர் என்று நானே சொல்லியிருக்கிறேன். என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழோடு சேரலாம். விளையாட்டில் உயிராக இருக்கும் பையனை மாடியில் அடைத்துவைப்பது பாவம். தோழிகள் இல்லாமல் வாடிப்போகும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழு மட்டும் போதாது. இதைச் சொல்லும்போது சில பெற்றோர் என்னைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். டீச்சருக்குப் பள்ளிக்கூட ரத்தம் போகலை என்று பின்னால் பேசுவதாகவும் கேள்வி. போகவில்லைதான்.

இப்போதைக்குப் பெரிய தலைவலி வேதியியல். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிந்திருக்கும் பிள்ளைகள் மூன்று பேர். எழுத்துத் தேர்வைப் படித்து எழுதிவிடுவார்கள், செய்முறைத் தேர்வு அப்படி இல்லை. பியூரெட்டைக் கையில் பிடிக்காமல் தரம்பார்த்தலைப் புத்தகத்தில் படித்து என்ன பயன்? எந்தச் சொட்டில் நிறம் மாறும் என்பது கண் பழகினால்தான் வரும். உப்புப் பகுப்பாய்வை மாடியில் செய்ய வீட்டுக்காரர் விடமாட்டார், விடவும் கூடாது. கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போய்ப் பொதுவாகக் காட்டலாம், பாடத்துக்கு அது போதாது. ஒரு கல்லூரியின் ஆய்வகத்தைச் சனிக்கிழமை மதியம் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. இடம் கிடைத்தாலும் ஆள் வேண்டும். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, ஓய்வு பெற்று, சனிக்கிழமை மதியம் தூங்கும் பழக்கம் இல்லாத வேதியியல் ஆசிரியர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதற்கும் ஒரு கூட்டம் போட்டுப் பேசி முடித்தாகிவிட்டது. சம்பளம் என்று பெரிதாகத் தரமுடியாது. பஸ் செலவும் கருப்பட்டிக் காப்பியும் உண்டு.